ஒரு நோட்டு, இரண்டு கேள்வி: இளம் கால்பந்து வீரர்களின் பயிற்சிச் சுமையைக் கணக்கு வைப்பது எப்படி?

14 வயதுப் பையன் ஒருவன் எங்கள் அணியில் இடது விங்கில் ஆடினான். செவ்வாய், வியாழன் பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். என் நோட்டில் அவன் கணக்கு சுத்தமாக இருந்தது, ஒரு வாரம்கூட உறுத்தவில்லை. ஆனால் சீசன் பாதியில் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாமல் நொண்டிக்கொண்டு வந்து நின்றான். உட்கார வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. திங்களும் புதனும் பள்ளி அணிக்கு ஆடுகிறானாம். ஞாயிறு காலை இன்னொரு மைதானத்தில் தன்னைவிட மூத்தவர்களோடு 90 நிமிடம். நான் எழுதி வைத்திருந்தது அவனுடைய வாரத்தில் பாதியைத்தான்.

பயிற்சிச் சுமையைக் கண்காணிக்கப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்கிறார்கள். கருவியெல்லாம் அப்புறம். ஒரு நோட்டும், தினம் கேட்க இரண்டு கேள்வியும், முழு வாரத்தையும் எழுதும் பிடிவாதமும் இருந்தால் போதும், முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். நான் பின்பற்றும் வரிசையை அப்படியே சொல்கிறேன்.

எதை அளக்கிறோம்?

சுமையில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்து எண்ணக்கூடியது வெளிச்சுமை: எத்தனை நிமிடம் ஆடினான், எவ்வளவு தூரம் ஓடினான், எத்தனை ஸ்ப்ரின்ட், எத்தனை முறை குதித்தான். அந்த வேலையை அவன் உடல் எப்படித் தாங்கியது என்பது உட்சுமை: இதயத் துடிப்பு, களைப்பு, அவனுக்கே தோன்றிய கடினம்.

ஒரே பயிற்சியை 20 பேர் செய்தால் வெளிச்சுமை ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். உட்சுமை ஆளுக்கு ஆள் மாறும். முந்தைய இரவு தேர்வுக்குப் படித்துவிட்டு 5 மணி நேரம் தூங்கியவனுக்கும், நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கும் அதே ஓட்டம் வேறு வேறு எடை. சிறுவர்களிடம் இந்த வித்தியாசம் பெரியவர்களிடம் இருப்பதைவிட அதிகம். ஒரே வயதுப் பிரிவில் உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று வருட இடைவெளி சர்வசாதாரணம். அதனால்தான் நான் உட்சுமையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

படி 1: அவரவர் வாரத்தை வரையுங்கள்

எண் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம் போடுங்கள். அவர் எங்கெல்லாம் ஓடுகிறார் என்று அவரிடமும் பெற்றோரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் அணி, பள்ளி அணி, உடற்கல்வி வகுப்பு, வேறு விளையாட்டு, நண்பர்களோடு ஆடும் ஆட்டம் எல்லாம் வர வேண்டும். தனித்தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன பையனின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அவன் அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது.

இந்தப் பக்கத்தை முடித்ததும், ஒழுங்கமைந்த விளையாட்டுக்குப் போகும் மணிக்கணக்கை வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள். அது பிள்ளையின் வயதைத் தாண்டினால் (12 வயதுக்கு வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் என்றால்) கவனம் தேவை. அப்படித் தாண்டுபவர்களிடம், ஓயாத பயன்பாட்டால் வரும் கடும் காயங்கள் அதிகம் என்று அமெரிக்காவில் இளம் வீரர்களிடம் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. வாரம் ஒன்றிரண்டு நாளாவது விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. இந்த இரண்டுக்கும் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

படி 2: ஒரு கேள்வி, ஒரு பெருக்கல்

பயிற்சி முடிந்ததும் கேட்க வேண்டியது இது: “இன்றைய பயிற்சி மொத்தமாக எவ்வளவு கடினமாக இருந்தது? 0 முதல் 10-க்குள் ஒரு எண் சொல்.”

ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோலை அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பயிற்சிக் களத்துக்கு ஏற்றபடி எளிமையாக்கினார். ஆங்கில எழுத்துகளில் ஆர்.பி.இ. என்பார்கள், அதாவது ஆடியவருக்கே தோன்றிய கடினத்தின் அளவு. எண்களுக்கு வார்த்தை உண்டு: 0 ஓய்வு, 1 மிக மிக லேசு, 2 லேசு, 3 மிதம், 4 சற்றுக் கடினம், 5 கடினம், 7 மிகக் கடினம், 10 இதற்குமேல் முடியவே முடியாது. 6, 8, 9-க்கு வார்த்தை கிடையாது, இடைப்பட்டவை. இதை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாமல் வாய்வழியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு அளவுகோலை மனதில் வைத்துக்கொள்வார்கள்.

அவர் சொன்ன எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடத்தால் பெருக்குங்கள். 80 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால் 480. அன்றைய சுமை அவ்வளவுதான். வார்ம்-அப் நேரத்தையும் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். சீசன் முழுக்க ஒரே மாதிரி செய்தால் சரி.

இவ்வளவு எளிமையான முறையை நம்பலாமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 2004-ல் இத்தாலிய ஆய்வாளர் ஃபிராங்கோ இம்பெல்லிசேரி குழுவினர் இளம் கால்பந்து வீரர்களிடம் இதை இதயத் துடிப்புக் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. காசு செலவில்லாத முறைக்கு இது பெரிய சான்றிதழ்.

கேட்கும் விதத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. விசில் ஊதிய கையோடு கேட்காதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் ஸ்ப்ரின்ட் ஓட விட்டிருந்தால் எல்லோரும் 9 சொல்வார்கள். சுமார் 30 நிமிடம் கழித்துக் கேட்பது வழக்கம். அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றால், கூல்-டவுன் முடிந்து காலணி கழற்றும்போது கேளுங்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழக் கூடாது. வட்டமாக நிற்க வைத்துக் கேட்டுப் பாருங்கள்: கேப்டன் 5 சொன்னால் அதற்குப் பின் எல்லோரும் 4, 5, 4, 5 என்றுதான் சொல்வார்கள்.

10 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் நான் எண் கேட்பதில்லை. அந்த வயதில் பிடித்த ஆட்டம் என்றால் 2, பிடிக்காதது என்றால் 10. அவர்களுக்கு நிமிடக் கணக்கும், சிரித்த முகம் முதல் சோர்ந்த முகம் வரை நாலைந்து படங்களும் போதும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு முன்பே “இன்று 4 வர வேண்டும்” என்று உங்கள் எண்ணை எழுதி மடித்து வைத்துவிடுங்கள். பயிற்சியாளர் லேசாக நினைத்த நாட்களில் வீரர்கள் அதைவிடக் கடினமாக உழைக்கிறார்கள், கடினமாக நினைத்த நாட்களில் அதைவிடக் குறைவாக உழைக்கிறார்கள் என்று ஃபாஸ்டர் 2001-லேயே காட்டினார். என் நோட்டிலும் அதே கதைதான். சின்னக் கட்டத்தில் 4-க்கு 4 ஆட விடுவதை நான் “லேசான நாள்” என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பையன்கள் 7 கொடுத்தார்கள்.

படி 3: வாரத்தைக் கூட்டுங்கள், சீராக இருக்கிறதா என்றும் பாருங்கள்

அந்த விங் ஆட்டக்காரனின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த வாரம்: செவ்வாய் 80 × 6 = 480, வியாழன் 75 × 5 = 375, சனி 70 × 8 = 560. மொத்தம் 1,415. நாலு நாள் ஓய்வு. பார்க்க அழகான வாரம்.

அவன் வாழ்ந்த வாரம் வேறு. திங்கள் 60 × 6 = 360, புதன் அதே 360, ஞாயிறு 90 × 7 = 630. எல்லாம் சேர்த்து 2,765. ஓய்வு வெள்ளி ஒரு நாள் மட்டும்.

கூட்டுத்தொகை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் உடலுக்கு அது வெறும் இரண்டு மடங்கு அல்ல. எல்லா நாளும் நடுத்தரக் கடினமாக, மேடு பள்ளம் இல்லாமல் போகும் வாரம் உடம்பைத் தனியாகச் சோர்வடையச் செய்யும். இதற்கும் ஃபாஸ்டரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஏழு நாள் சுமையின் சராசரியை அவற்றின் திட்ட விலக்கத்தால் (அந்த எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் “சலிப்பு எண்” என்று நான் அழைக்கும் ஓர் எண் கிடைக்கும். ஓய்வு நாளுக்கு 0 போட மறக்காதீர்கள். வாரச் சுமையை அந்தச் சலிப்பு எண்ணால் பெருக்கினால் கிடைப்பது வாரத்தின் இறுக்கம். எக்செல்லில் இரண்டு நிமிட வேலை.

நான் பார்த்த வாரத்தின் சலிப்பு எண் 0.78, இறுக்கம் 1,110-ஐ ஒட்டி. அவன் வாழ்ந்த வாரத்தில் சலிப்பு எண் 1.94, இறுக்கம் 5,370-ஐ ஒட்டி. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சலிப்பு எண் 2-ஐத் தொடுகிறது என்றால் அந்த வாரத்தில் லேசான நாள் போதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 2 என்பது கோடு கிழித்த எல்லை என்று யாரோடும் சண்டை போட மாட்டேன்.

கணக்கு வராதவர்கள் கலர் பென்சிலால் செய்யலாம். 400-க்கு மேல் சிவப்பு, 200 முதல் 400 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. இந்த எல்லைகள் என் அணிக்கு நான் வைத்துக்கொண்டவை, உங்களுக்கு வேறாக இருக்கலாம். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு நின்றால் கண்ணே சொல்லிவிடும்.

படி 4: போன வாரத்தோடு ஒப்பிடுங்கள்

இணையத்தில் தேடினால் ஒரு விகிதம் கண்ணில் படும். இந்த வாரச் சுமையைக் கடந்த நாலு வாரச் சராசரியால் வகுப்பது. 0.8 முதல் 1.3 வரை நல்லது, 1.5 தாண்டினால் ஆபத்து என்பார்கள். ஆஸ்திரேலியாவின் டிம் கேபெட் 2016-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. அப்புறம் புள்ளியியல் தெரிந்தவர்கள் அதைப் பிரித்துப் போட்டார்கள். இந்த வாரமே அந்த நாலு வாரச் சராசரிக்குள்ளும் இருப்பதால் மேலும் கீழும் ஒரே எண் உட்கார்ந்திருக்கிறது. காயம் வருமா என்று தனி ஆளுக்குச் சொல்லும் சக்தி அதற்கு இல்லை. வாரம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதியும் அப்படித்தான். வழக்கமாகச் சொல்கிறார்கள், பலமான அடித்தளம் இல்லை.

நான் செய்வது எளிது. மூன்று நாலு வாரச் சுமையைக் கோடாக வரைந்து, திடீர் ஏற்றம் எங்கே என்று பார்க்கிறேன். அது வரும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை: விடுமுறைக்குப் பின் முதல் இரண்டு வாரம், ஒரே வார இறுதியில் நாலு மேட்ச் ஆடும் டோர்னமென்ட், மேல் வயதுப் பிரிவுக்கு ஏறும் மாதம், காயத்திலிருந்து திரும்பும் நாட்கள். விடுமுறை முழுக்கப் படுத்துக் கிடந்தவனைத் திரும்பி வந்த முதல் வாரமே 1,500-க்கு இழுக்காதீர்கள். பாதியில் தொடங்கி மூன்று நாலு வாரம் எடுத்து ஏற்றுங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் யாரும் பார்ப்பதில்லை. பெஞ்சில் உட்காருகிறவன் சனிக்கிழமை 10 நிமிடம் ஆடினால் அவன் வாரம் மெலிந்துபோகிறது. இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு ஒருநாள் முழு மேட்ச் ஆடவைத்தால் அது அவனுக்குப் பெரிய குதிப்பு. மேட்ச் முடிந்ததும் ஆடாதவர்களை 15 நிமிடம் ஓடவிட்டு ஆட வைப்பது இதற்காகத்தான். தண்டனை என்று அவர்கள் நினைக்காதபடி காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

படி 5: இரண்டாவது கேள்வி, பயிற்சிக்கு முன்

“இன்று எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்” என்ற பதில்தான் வரும். அதனால் அதை நாலு துண்டாக உடைத்துக் கேட்கிறேன்: தூக்கம், களைப்பு, தசை வலி, மனநிலை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. 1 மோசம், 5 அருமை. நாலையும் கூட்டினால் அன்றைய மொத்தம். ஹூப்பர், மெக்கினன் என்ற இருவர் 1995-ல் நீச்சல் வீரர்களை வைத்து முன்வைத்த பட்டியலின் சுருக்கமான வடிவம்தான் இது.

முதல் இரண்டு வாரம் இதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். யார் இயல்பாகவே 3 போடுகிறவர், யார் எப்போதும் 5 போடுகிறவர் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த இரண்டு வாரம். பிறகு ஒருவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். எப்போதும் 18 எடுப்பவள் ஒருநாள் 12 போட்டால் அருகில் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். எப்போதும் 12 போடுபவளுக்கு அது சாதாரண நாள். தூக்கத்துக்கு மட்டும் எல்லோருக்கும் பொதுவான அளவு உண்டு: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம்.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஒரு பையன் களைப்புக்கு 2 போட்டிருந்தான். “நீ களைப்பாக இருக்கிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அவனை அன்றைய மேட்ச்சின் முதல் பதினொருவரிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அணி முழுக்க 5, 5, 5, 5. ஒரு பிள்ளைக்குக்கூடத் தூக்கக் குறை இல்லை, வலி இல்லை. மறுபடி உண்மை எழுத ஆரம்பிக்க அந்த சீசன் முடிந்துவிட்டது. எண்ணை அணித் தேர்வோடு முடிச்சுப் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் போடாதீர்கள். சிறுவர்களின் உடல் விவரம் இது; பெற்றோரிடம் முன்பே சம்மதம் வாங்கி, நோட்டைப் பூட்டி வையுங்கள்.

படி 6: உயரம் அளங்கள்

பெரியவர்களுக்கான வழிகாட்டிகளில் இல்லாத படி இது. என்னைக் கேட்டால் இளம் வீரர்களுக்கு இதுவே முக்கியமானது.

பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு வருடம் முன்பின் ஆகும். அந்த உச்ச காலத்தில் வருடத்துக்கு 8 முதல் 10 செ.மீ. வரை வளர்வது இயல்பு. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுக்காது. தசைநாண் எலும்பில் பிடிக்கும் இடம் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் ஒவ்வொரு ஓட்டமும் குதிப்பும் அங்கேதான் இழுக்கும். குதிகாலில் வந்தால் சீவர் நோய், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் வீங்கி வலித்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். நேற்று வரை லாவகமாகப் பந்தை எடுத்தவன் திடீரெனத் தடுமாறுவதும் இந்தச் சமயத்தில்தான். அவனைச் சோம்பேறி என்று திட்டிய பயிற்சியாளர்களில் நானும் ஒருவன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலணி இல்லாமல், சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, எப்போதும் ஒரே வேளையில் அளங்கள். காலையில் இருக்கும் உயரம் மாலையில் கொஞ்சம் குறையும். ஒரே ஆள் இரண்டு தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது. மூன்று மாதத்தில் 2 செ.மீ. என்றால் வருடத்துக்கு 8 செ.மீ. வேகம், பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். மாதா மாதம் அளக்க வேண்டாம், அரை செ.மீ. பிழையே வளர்ச்சி போலத் தெரியும்.

நட்சத்திரம் போட்டவர்களுக்குப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. குதிப்பு, முழு வேக ஸ்ப்ரின்ட், திரும்பத் திரும்ப ஷூட்டிங் ஆகியவற்றைக் குறைத்து, பந்துக் கட்டுப்பாடு, சமநிலை, லேசான வலுப்பயிற்சி ஆகியவற்றைக் கூட்டுங்கள்.

கருவிகள் பற்றி இரண்டு வரி

இதயத் துடிப்புப் பட்டை இருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் உச்சத் துடிப்பை 220-லிருந்து வயதைக் கழித்துப் போடாதீர்கள்; சிறுவர்களுக்கு அது பொருந்தாது. ஓடவைத்து அளந்த உச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிகளில் ஜிபிஎஸ் போன்ற கருவிகளை அணிய 2015 முதல் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அவற்றில் வரும் “அதிவேக ஓட்டம்” என்ற எல்லை, பொதுவாக மணிக்கு 19.8 கி.மீ., பெரியவர்களுக்கு வைத்தது. 12 வயதுப் பிள்ளைக்கு அது உச்ச வேகத்துக்கே நெருக்கமாக இருக்கலாம். எல்லையை மாற்றத் தெரியாமல் அந்த அறிக்கையைப் படித்தால், உயிரைக் கொடுத்து ஓடியவன் எதுவுமே செய்யாதது போலத் தெரிவான்.

படி 7: எண்ணைப் பார்த்து என்ன செய்வது?

எண் சிவந்தால் முதலில் பேச்சு. “நேற்று எப்படித் தூங்கினாய், வேறு எங்காவது ஆடினாயா, எங்காவது வலிக்கிறதா?” வலியை எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கையால் தொடை முழுவதையும் தடவினால் பெரும்பாலும் தசைக் களைப்பு. ஒரு விரலால் எலும்பின் மேல் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டினால் ஆட விடாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். நொண்டினாலும், இரவில் வலி எழுப்பினாலும், கீழ் முதுகுவலி இரண்டு வாரம் தாண்டினாலும் அதே வழிதான். வளரிளம் பெண்களுக்கு மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால், ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இதைப் பெண் பயிற்சியாளரோ அம்மாவோ தனியாக விசாரித்து மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்லது.

வலி இல்லை, களைப்பு மட்டும் என்றால் முழு விடுப்பு தேவையில்லை. இரண்டு அணிக்கும் பொதுவாகப் பாஸ் கொடுக்கும் ஆளாக நிறுத்தினால் மோதலும் துரத்தலும் குறையும். பிள்ளையும் ஒதுக்கப்பட்டதாக நினைக்காது. அல்லது கடைசி 20 நிமிடத்தைக் குறைத்துவிடுங்கள்.

அந்த விங் ஆட்டக்காரன் விஷயத்தில் மருத்துவர் பார்த்த பிறகு, பள்ளிப் பயிற்சியாளருக்கு நானே போன் செய்தேன். அவருக்கும் எங்கள் அணி பற்றித் தெரியாது. புதன் பயிற்சியை அவர் விட்டுக்கொடுத்தார், செவ்வாயைப் பாதியாக்க நான் ஒப்புக்கொண்டேன். ஞாயிறை விடச் சொல்லி அவனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

நோட்டு எழுதுவதில் ஒரு விஷயம் பாக்கி. பிள்ளை வராத நாளுக்கு, என்ன செய்தான் என்று தெரியாவிட்டால் 0 போடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விட்டு, அடுத்த முறை பார்க்கும்போது கேட்டு நிரப்புங்கள். 0 என்றால் ஓய்வு. என் நோட்டில் அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நேராக, மூன்று மாதமும் 0 என்றுதான் இருந்தது.